கடைவாய்ப்பல்லுக்கு எந்த கேப் போடலாம்: மெட்டலா, செராமிக்கா, ஜிர்கோனியாவா?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். கீழ்வரிசையில் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்துவிட்டது. மருத்துவர் சீட்டில் 46 என்று எண் போட்டிருக்கிறார். நாக்குப் பக்கச் சுவர் சொத்தையில் உடைந்துபோனதால் அடைப்புப் பொருளை வைத்துக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். அடுத்து கேப் போட வேண்டும்.

வரவேற்பு மேசையில் ஒரு விலைப்பட்டியலைக் கொடுத்தார்கள். மெட்டல், மெட்டல் மேல் செராமிக், ஜிர்கோனியா என்ற வெள்ளைச் செராமிக் என்று மூன்று வகை. ஜிர்கோனியாவிலேயே 5 வருட வாரண்டி, 10 வருட வாரண்டி, 15 வருட வாரண்டி என்று மூன்று விலை. மெட்டலுக்கும் கடைசி ஜிர்கோனியாவுக்கும் பல மடங்கு வித்தியாசம். "உங்கள் விருப்பம்தான்" என்கிறார் மருத்துவர். எதை வைத்து நான் விரும்புவது?

எனக்கு வயது 44. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். மேலே எதிரில் இருப்பது எந்தச் சிகிச்சையும் செய்யாத என் சொந்தப் பல். செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பல் நிலைக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொருநைவாசி (திருநெல்வேலி)

அம்மா, மெட்டல் மேல் செராமிக் மட்டும் வேண்டாம். எனக்கு மேல் கடைவாயில் அதைத்தான் போட்டார்கள். போட்ட புதிதில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது நாக்கில் ஏதோ சுரண்டியது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு முனை பெயர்ந்து, உள்ளே இருந்த சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. ஈறு ஓரத்திலும் கறுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

என் கேள்வி ஒன்றுதான்: கடைவாய்ப்பல்லை எட்டிப் பார்ப்பவர் யார்? முழு மெட்டல் கேப் போட்ட என் மனைவிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு கீறல்கூட இல்லை. மெட்டல் என்றால் ஏழை வைத்தியம் என்று ஓர் எண்ணத்தை மக்கள் மனத்தில் ஏற்றிவிட்டார்கள். ஜிர்கோனியாவோ கல் மாதிரி கடினமான பொருள். எதிரே இருக்கும் நல்ல பல்லைத் தேய்த்துவிடும் என்றும் கேள்விப்பட்டேன்.

கிள்ளான் வாசகன் (மலேசியா)

இங்கே நான் போட்டுக்கொண்டது லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக். காலையில் வாய்க்குள் ஸ்கேனரை வைத்துப் படம் எடுத்தார்கள். பக்கத்து அறையில் இயந்திரம் கடைந்தது. உலையில் சுட்டு, மதியத்துக்குள் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். மாவு வைத்து அச்சு எடுக்கவும் இல்லை, தற்காலிக கேப்பும் இல்லை. என் பல் எது, கேப் எது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் பட்டியலில் அது ஏன் இல்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கோவை லேப் மேசை

பல் லேபில் கேப் செய்வது என் தொழில். நோயாளிகள் எங்களைப் பார்ப்பதே இல்லை. நாங்களும் அவர்களுடைய பல்லின் அச்சை மட்டும்தான் பார்க்கிறோம். அதனால் எங்கள் மேசையில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜிர்கோனியா என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. அது லேபுக்கு வருவது வெள்ளை வட்டத் தகடாக. அந்த நிலையில் சாக்பீஸ் போலத்தான் இருக்கும், தொட்டால் விரலில் தூள் ஒட்டும். கணினியில் வரைந்த கேப்பை அந்தத் தகட்டிலிருந்து இயந்திரம் கடைந்தெடுக்கும். அதுவும் உண்மையான அளவைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாக. நிறம் ஏற்றிக் காயவைத்து, ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் உலையில் மணிக்கணக்கில் சுட்டால் சுருங்கி உரிய அளவுக்கு வந்து இறுகும். அதன் பிறகு அதை வெட்ட வைரப் பொடி பதித்த பர் (சுழலும் சிறு கடைமுனை) வேண்டும்.

தகட்டில் யிட்ரியா என்ற ஆக்சைடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. 3 மோல் சதவீதம் சேர்ந்தது மங்கலான வெள்ளை, ஆனால் வளைவு வலிமை, அதாவது வளைக்கும் விசையை உடையாமல் தாங்கும் திறன், 1,000 மெகாபாஸ்கல் அளவுக்கு வரும். 5 மோல் சதவீதம் சேர்ந்ததில் ஒளி ஊடுருவும், பல் மாதிரியே இருக்கும். வலிமை 500 முதல் 700 வரைதான். விலை ஏற ஏற வலிமையும் ஏறும் என்று வாங்குபவர்கள் நம்புகிறார்கள். பல நேரங்களில் அந்தக் கூடுதல் விலை அழகுக்கானது. கிள்ளான் நண்பர் சொன்ன லித்தியம் டைசிலிகேட் 400, 500 அளவில் நிற்கும். மெட்டல் மேலே பூசிச் சுடும் பழைய செராமிக்கோ 100-ஐத் தொட்டாலே பெரிது. பொருநைவாசி ஐயாவின் கேப்பில் பெயர்ந்தது அந்தப் பூச்சுதான். அடியில் இருந்த உலோகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

3 மோல் வகைக்கு மட்டும் ஒரு குணம் உண்டு. விரிசல் நுனி நெருங்கும்போது அங்குள்ள நுண்படிகங்கள் உருமாறி ஏறக்குறைய 4 சதவீதம் பருக்கின்றன. அந்தப் பருமன் விரிசலை இறுக்கி மேலே ஓடவிடாமல் தடுக்கிறது. 1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வி என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் இதை விளக்கிய பிறகுதான் ஜிர்கோனியாவுக்கு இத்தனை மதிப்பு வந்தது. 5 மோல் வகையில் இந்தக் குணம் அநேகமாக இல்லை. பல்லை நறநறவென்று கடிக்கும் ஒருவருக்குக் கடைவாயில் 5 மோல் வகையைச் செய்து அனுப்ப என் மனம் ஒப்பாது.

இன்னொன்று. ஜிர்கோனியாவிலும் இரண்டு முறை உண்டு: முழுக்க ஜிர்கோனியாவால் கடைந்தது ஒன்று, உள்ளே ஜிர்கோனியா வைத்து மேலே செராமிக் பூசியது மற்றொன்று. இரண்டாவது முன்பல்லுக்கு அழகு. கடைவாயில் அதுவும் மெட்டல் மேல் செராமிக் பெயர்வது போலவே பெயரும். தொடக்க காலத்தில் இன்னும் கூடுதலாகவே பெயர்ந்தது. ஜிர்கோனியா வெப்பத்தை எளிதில் கடத்தாது. உலையிலிருந்து எடுத்து அவசரமாகக் குளிரவைத்தால் பூச்சுக்குள் இழுவிசை தங்கிவிடும். சீட்டில் "ஜிர்கோனியா" என்று மட்டும் எழுதி வந்தால் எந்த முறை என்று நாங்கள் தொலைபேசியில் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காத லேபும் உண்டு.

வைகைக்கரை

இவ்வளவு விவரத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி. அப்படியானால் முழு ஜிர்கோனியா, 3 மோல் என்று கேட்டால் போதுமா? 15 வருட வாரண்டி அட்டை எதைக் குறிக்கிறது? எதிர்ப்பல் தேய்ந்துவிடும் என்று பொருநைவாசி ஐயா சொன்னது உண்மையா?

தஞ்சைப் பல்மருத்துவர்

கேப், பாலம், பல்செட் சம்பந்தப்பட்ட மேற்படிப்பு படித்து, பத்தாண்டுகளுக்கு மேல் மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் வாயைப் பார்க்காமல் முடிவு சொல்வது முறையாகாது. எந்தக் காரணங்களை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, மீதமிருக்கும் பல் எவ்வளவு என்பது. ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் இருக்க வேண்டும், கேப்பின் விளிம்பு அதைப் பட்டைபோலச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அடைப்புப் பொருளை மட்டும் பிடித்து நிற்கும் கேப், எந்தப் பொருளில் செய்தாலும் என்றாவது அடைப்போடு கழன்று கையில் வரும். உங்களுக்கு நாக்குப் பக்கச் சுவர் போயிருக்கிறது என்கிறீர்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் கடிக்கும் பாரத்தை அதிகம் வாங்குவது கன்னப் பக்க முனைகள்; அது நல்ல செய்தி. ஆனாலும் நாக்குப் பக்கத்தில் ஈறுக்கு மேல் நல்ல பல் தெரிகிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் ஈறைச் சற்றுக் குறைக்கும் சிறு அறுவைச் சிகிச்சை முதலில் தேவைப்படலாம். வாரண்டியை விட முக்கியமான கேள்வி இது.

அடுத்தது, பல்லை எவ்வளவு செதுக்க வேண்டும் என்பது. மெல்லும் பரப்பில் முழு மெட்டலுக்கு 1 மில்லிமீட்டர், பாரம் தாங்கும் முனையில் 1.5. முழு ஜிர்கோனியாவுக்கும் ஏறத்தாழ அதுவே போதும். லித்தியம் டைசிலிகேட்டுக்குக் கடைவாயில் 1.5 வைப்பது பாதுகாப்பு. மெட்டலும் செராமிக்கும் சேர்ந்த கேப்புக்கு 2 வரை போகும், ஏனென்றால் இரண்டு அடுக்குக்கும் இடம் வேண்டும். சுவர் இழந்த பல்லில் அரை மில்லிமீட்டரைக்கூட நான் வீணாக்க மாட்டேன்.

கிள்ளான் நண்பரே, உங்கள் கேப் எந்தப் பல்லில்? லித்தியம் டைசிலிகேட் நல்ல பொருள்; அதை நானும் வைக்கிறேன். அதன் உட்புறத்தை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் என்ற பிணைப்புத் திரவம் தடவி, ரெசின் சிமெண்டால் பல்லோடு பிணைத்துவிட்டால் அதன் பலம் கூடும். ஆனால் அந்தப் பிணைப்புக்கு இடம் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். கீழ்க் கடைவாயில் நாக்குப் பக்கம், விளிம்பு ஈறுக்குக் கீழே என்றால் எச்சில் படாமல் காப்பது பெரும்பாடு. ஜிர்கோனியாவுக்கு அந்த அளவு கெடுபிடி இல்லை. பல்லில் உயரமும் பிடிமானமும் இருந்தால் சாதாரண கண்ணாடி அயனோமர் வகைச் சிமெண்டே போதும்.

வாரண்டி அட்டை கேப் என்ற பொருளுக்கு மட்டும். கேப் உடைந்தால் புதிதாக ஒன்று செய்து தருவார்கள். விளிம்புக்கு அடியில் சொத்தை நுழைந்து பல்லே போனால் அந்த அட்டையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடைவாய்க் கேப்கள் தோற்பதற்கு அடியில் விழும் சொத்தை ஒரு பெரிய காரணம். பூச்சு இல்லாத முழு ஜிர்கோனியாவோ முழு மெட்டலோ உடைந்து வருவதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

தேய்மானம் பற்றி: ஒரு பொருள் கடினமானது என்பதால் மட்டும் எதிர்ப்பல் தேய்வதில்லை, பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் தேய்கிறது. நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா எதிர்ப்பல் எனாமலைப் பழைய செராமிக்கைவிடக் குறைவாகவே தேய்க்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெருகேற்றாமல் மேலே பளபளப்புப் பூச்சு மட்டும் கொடுத்து அனுப்பினால், அந்தப் பூச்சு காலப்போக்கில் போனபின் அடியில் உள்ள சொரசொரப்பு வெளியே வரும். அப்போது பொருநைவாசி ஐயாவின் அச்சம் உண்மையாகிவிடும்.

ஒன்று கேட்க வேண்டும்: உங்களுக்கு உலோக ஒவ்வாமை உண்டா?

வைகைக்கரை

உண்டு என்றுதான் நினைக்கிறேன், டாக்டர். கவரிங் கம்மல் போட்டால் இரண்டே நாளில் காது சிவந்து நீர் வடியும். கைக்கடிகாரத்தின் பக்கிள் படும் இடமும் தடிக்கும். இதை எந்தப் பல்மருத்துவரும் என்னிடம் கேட்டதில்லை.

தஞ்சைப் பல்மருத்துவர்

கேட்டிருக்க வேண்டும். அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. நம் ஊரில் மலிவான மெட்டல் கேப்பும், மெட்டல் மேல் செராமிக்கின் உள்கூடும் பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் கலவைதான். தோலில் ஒவ்வாமை இருப்பவர் எல்லாருக்கும் வாயில் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துகொண்டே வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. உங்கள் பட்டியலில் முதல் இரண்டையும் அடித்துவிடுங்கள். மெட்டல்தான் வேண்டும் என்றால் கோபால்ட்-குரோமியம், அல்லது தங்கக் கலவை.

கோவை லேப் மேசை

நிக்கல் கலவையில் இன்னொரு சங்கதி இருக்கிறது, எங்கள் தொழிலைப் பற்றியது. சில நிக்கல்-குரோமியம் கலவைகளில் வார்ப்பு எளிதாக வரவேண்டும் என்று பெரிலியம் என்ற உலோகத்தைச் சேர்த்திருந்தார்கள். நோயாளிக்கு அதனால் வரும் ஆபத்து குறைவு. அதைத் தேய்த்து மெருகேற்றும் தொழிலாளியின் நுரையீரலுக்குத்தான் கேடு. அதனால் நான் பெரிலியம் இல்லாத கலவையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. மெட்டல் கேப் கேட்பவர்கள் "பெரிலியம் இல்லாதது" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால், முகம் தெரியாத ஒருவருக்குச் செய்யும் நன்மை அது.

தங்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளிம்பு இவ்வளவு துல்லியமாகப் படியும் பொருள் வேறு இல்லை. எதிர்ப்பல்லுக்கும் உகந்தது. ஆனால் ஒரு கடைவாய்க் கேப்புக்கு இரண்டு மூன்று கிராம் ஆகிவிடும். பவுன் விற்கும் விலையில் இப்போது யாரும் கேட்பதில்லை.

மீனாட்சிபுரம்

விவரம் எல்லாம் சரி. ஆனால் வேர் சிகிச்சைக்கே கடன் வாங்கியவர்கள் இருக்கிறோம். ஜிர்கோனியாவுக்கு எங்கே போவது? வலி இல்லையே, அடைத்துவிட்டார்களே, கேப் இல்லாமலே விட்டால் என்ன? எங்கள் தெருவில் அப்படி விட்டவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

தஞ்சைப் பல்மருத்துவர்

உங்கள் கேள்வியின் நியாயம் புரிகிறது. ஆனால் தயவுசெய்து கடைவாய்ப்பல்லை அப்படி விடாதீர்கள். வேர் சிகிச்சை செய்த பல்லில் நடுப்பகுதி குடையப்பட்டிருக்கிறது. சுவர்கள் மட்டும் தனித்தனியாக நிற்கின்றன. கடைவாயில் கடிக்கும் விசை 500 நியூட்டனைத் தாண்டும், அதாவது ஐம்பது கிலோ பாரம். சோற்றில் ஒரு கல் பட்டாலே பல் இரண்டாகப் பிளக்கும். பிளவு வேர்வரை போய்விட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைப் போல 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன.

பணம் தடை என்றால் ஒவ்வாமை இல்லாதவர்கள் முழு மெட்டல் கேப் போட்டுக்கொள்ளலாம். பட்டியலில் மிகக் குறைந்த விலை அதற்குத்தான், கடைவாய்க்கு அது எந்த விதத்திலும் தாழ்ந்த சிகிச்சை ஆகாது. கடைசிக் கடைவாய்ப்பல்லில், பல் உயரம் குட்டையாக இருப்பவர்களுக்கு, வசதி இருந்தால்கூட நான் முதலில் சொல்வது அதைத்தான். சென்னையில் இருப்பவர்கள் கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். பலமுறை போய்வர வேண்டியிருக்கும், செலவு குறையும்.

கிள்ளான் வாசகன்

டாக்டர், என்னுடையது மேல்வரிசை முன்கடைவாய்ப்பல். சிரித்தால் தெரியும் இடம். பாரமும் அங்கே குறைவு என்று இப்போது புரிகிறது. ஒரு சந்தேகம்: ஜிர்கோனியா கேப்புக்கு அடியில் பின்னாளில் சொத்தை வந்தால் எக்ஸ்ரேயில் தெரியுமா?

தஞ்சைப் பல்மருத்துவர்

நல்ல கேள்வி. ஜிர்கோனியாவும் மெட்டலைப் போலவே எக்ஸ்ரேயை மறைத்துவிடும். கேப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. விளிம்பை ஒட்டி வரும் சொத்தை மட்டும் தெரியும். லித்தியம் டைசிலிகேட்டில் இந்த மறைப்பு குறைவு, அது அதன் சாதகம். பின்னாளில் வேர் சிகிச்சையைத் திரும்பச் செய்ய நேர்ந்தால் ஜிர்கோனியாவைத் துளைக்க வைர பர்கள் ஒன்றிரண்டு தேயும், நேரமும் பிடிக்கும். ஆனால் செய்ய முடியாத வேலை இல்லை.

கோவை லேப் மேசை

அந்த விளிம்பைப் பற்றித்தான் நான் சொல்ல வந்ததும். அச்சில் ஊற்றி எடுத்த பல்லின் நகல் மேசைக்கு வந்ததும் நாங்கள் முதலில் செய்வது, பல் செதுக்கிய ஓரத்தைச் சிவப்புப் பென்சிலால் சுற்றி வரைவது. அந்தக் கோட்டில்தான் கேப் முடியும். அச்சு எடுக்கும்போது ஈறு ஓரத்தில் ரத்தமோ எச்சிலோ இருந்தால் அந்த இடத்தில் ஒரு குமிழி விழுந்திருக்கும். பென்சில் அங்கே போய் நின்றுவிடும். அதற்கப்பால் ஊகம்தான். கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரான் வரை இடைவெளி இருக்கலாம் என்பது 1971 முதல் பலரும் ஏற்றுக்கொண்ட வரம்பு. மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. குமிழி விழுந்த அச்சில் அந்தத் துல்லியம் எப்படி வரும்? விலை உயர்ந்த தகட்டில் செய்தாலும் இடைவெளி இடைவெளிதான்.

ஆகவே பொருளைப் பற்றி ஒரு மணி நேரம் யோசிப்பவர்கள் அச்சைப் பற்றியும் ஐந்து நிமிடம் கேளுங்கள். ஆல்ஜினேட் மாவு அச்சு மட்டும் எடுத்துக் கேப் செய்வதை ஏற்காதீர்கள். சிலிக்கான் அச்சோ ஸ்கேனரோ வேண்டும். ஈறு ஓரத்தில் நூல் செருகி ஒதுக்கிவிட்டு அச்சு எடுக்கும் மருத்துவர் என்றால் நம்பி உட்காரலாம்.

பொருநைவாசி

மெருகு பற்றி டாக்டர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. ஜிர்கோனியா பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் மெட்டலை மருத்துவர்கள் பட்டியலின் அடியில் மலிவு என்ற அடையாளத்தோடு வைப்பதை மாற்ற வேண்டும் என்பதில் மாறமாட்டேன்.

வைகைக்கரை

இன்று போய் மருத்துவரிடம் பேசிவிட்டு வந்தேன். கவரிங் கம்மல் விஷயத்தைச் சொன்னதும் உடனே சீட்டில் குறித்துக்கொண்டார். நாக்குப் பக்கத்தில் ஈறுக்கு மேல் போதிய பல் இருக்கிறதாம். கண்ணாடியை வைத்து எனக்கே காட்டினார். 15 வருட வாரண்டி வகை எது என்று கேட்டேன். லேபுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு, அது ஒளி ஊடுருவும் வகை என்றார். 10 வருட வகைதான் 3 மோல், பூச்சு இல்லாமல் முழுவதும் ஜிர்கோனியா. அதையே எழுதச் சொல்லிவிட்டேன். விலையும் குறைந்தது. அச்சு சிலிக்கானில்தான் எடுக்கிறார்கள். கேப் பொருத்தும் நாளில் நான் கவனிக்க வேண்டியது என்ன?

தஞ்சைப் பல்மருத்துவர்

ஒட்டுவதற்கு முன் வெறுமனே வைத்துப் பார்ப்பார்கள். அப்போது பக்கத்துப் பல்லுக்கும் கேப்புக்கும் நடுவே பல் நூலை விடச் சொல்லுங்கள். இறுக்கமாக, ஆனால் கிழியாமல் உள்ளே போய்வர வேண்டும். தடையின்றி நழுவினால் அங்கே தினமும் சாப்பாடு சிக்கும். விளிம்பு படிந்திருக்கிறதா என்று ஓர் எக்ஸ்ரே எடுக்கலாம். பிறகு கார்பன் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். உயரம் சற்றுக் கூடியிருந்தாலும் சட்டென்று தெரியாமல் போகலாம். வாயின் மறுபக்கத்துப் பற்கள் முன்பு போலவே கூடுகின்றனவா என்று நிதானமாகப் பாருங்கள், பக்கவாட்டிலும் நறநறத்துப் பாருங்கள்.

உயரத்தைக் குறைக்க ஜிர்கோனியாவை பர் வைத்துத் தேய்த்தால், தேய்த்த இடத்தை வைரத்தூள் கலந்த ரப்பர் சக்கரங்களால் மறுபடி மெருகேற்றியே ஆக வேண்டும். உங்கள் மேல் பல்லைக் காப்பது அந்த இரண்டு நிமிட வேலைதான், மறக்காமல் கேளுங்கள்.

இரவில் போட்டுக்கொள்ளும் பல் கவசம் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அதற்கான அளவைக் கேப் ஒட்டிய பிறகு கொடுங்கள். முன்னாலேயே செய்துவிட்டால் புதிய கேப்பின் மேல் அது உட்காராது.